பல்லி சொன்னது 'ச' அல்ல

இதில் ஓர் எழுத்துகூடக் கூடுதல் இல்லை. சூடத்தைக் கொளுத்துங்கள், உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறேன். சூடம் இல்லையா, பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். என் பேரன் தலை வேண்டாம், அவன் தூங்குகிறான். உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது இருந்தால் கூப்பிடுங்கள். அத்தனையும் நடந்தது, நடந்தது, நடந்தது.

அந்தக் காலத்தில், ஊர்வன பறப்பன எல்லாம் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நாளில், கொடிவழிக் கரடு என்ற பாறைக்குன்றில் கௌளி என்று ஒருவர் இருந்தார். கௌளி என்றால் வேறு யாருமில்லை, நம் வீட்டுச் சுவரில் இருக்கிற பல்லிதான். அன்றைக்கு அவருக்குச் சுவர் கிடையாது, பாறைதான். ஆனால் குரல் இருந்தது. என்ன குரல் என்கிறீர்கள்! அவர் பாடினால் ஓடை நின்று கேட்டுவிட்டுத்தான் கீழே இறங்கும். காது அதைவிடக் கூர்மை. பனையிலிருந்து ஓலை விழுந்தால் அது எந்தச் சுரத்தில் விழுந்தது என்று சொல்லிவிடுவார்.

பல்லி சாதிக்கென்று ஒரே ஒரு பாட்டு இருந்தது. ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும் குஞ்சு முதலில் எந்தச் சத்தத்தைக் கேட்கிறதோ அதுதான் அதன் நாக்கில் ஒட்டும். அப்புறம் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் ஏறாது. அதனால் முட்டை விரிசல் விடுகிற நேரத்தில் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டைப் பாடவேண்டும். கௌளியாருக்கு அவர் அப்பா பாடினார், அவருக்கு அவர் அப்பா. இப்போது கௌளியாரின் முறை. அவர் மனைவி வெள்ளைச்சி பாறையிடுக்கில் இரண்டு முட்டை இட்டிருந்தாள். பொரிய ஐம்பது நாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கரட்டில் சண்டை மூண்டது. விடிந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் பாடுவார்கள். ஒருவர் சுரம் இன்னொருவர் சுரத்தோடு ஒட்டாது. மைனா பாடும்போது தவளை குறுக்கே வரும். தவளை பாடும்போது சிள்வண்டு காதைக் குடையும். கடைசியில் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். யார் யார் பாட்டு எந்த வகை என்று பிரித்துவிடுவது. ஒரே வகைக்காரர்கள் சேர்ந்து பாடட்டும், மற்றவர்கள் அந்த நேரத்தில் வாயை மூடட்டும். பிரிக்கிற வேலையை யார் செய்வது? எல்லாக் கண்ணும் கௌளியாரைப் பார்த்தன.

அவர் உடனே ஒப்புக்கொண்டதோடு நிறுத்தியிருக்கலாம். பெருமை யாரை விட்டது? கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று, "கடைசி ஆள் வரைக்கும் கட்டத்துல அடைச்ச பிறகுதான் இந்த வாய் பாடும். இது கௌளி வாக்கு" என்று சபதம் வேறு செய்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைச்சி கேட்டாள். "உங்களை யாராவது சபதம் பண்ணச் சொன்னாங்களா?"

"மூணு நாள் வேலை, புள்ள. முட்டை பொரிய அம்பது நாள் கிடக்கு."

"நான் அதைக் கேக்கலை. யாராவது பண்ணச் சொன்னாங்களான்னு கேட்டேன்."

அவர் எழுந்து பாறைக்குப் போய்விட்டார்.

முதலில் ஒரு காட்டுக்கொடியை இரண்டு கல்லுக்கு நடுவில் இழுத்துக் கட்டினார். சுண்டினால் 'ச'. கொடியின் சரிபாதியில் விரலை வைத்துச் சுண்டினால் மேலே இன்னொரு 'ச', அண்ணன் குரலில் தம்பி கூப்பிடுவதுபோல. இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு அடையாளம் வைத்தார். பன்னிரண்டில் ஏழை எடுத்தால் ஒரு பாட்டுக்கு ஏணி ஆயிற்று. கண்டபடி எடுக்காமல் ஒரு முறைப்படி எடுத்தால் எழுபத்திரண்டு ஏணி. பாறையில் எழுபத்திரண்டு கட்டம். வாலைச் சுண்ணாம்பில் தோய்த்து இழுத்தார் பாருங்கள், அப்படி ஒரு நேர்கோடு. அவரே நாலு தடவை இறங்கி வந்து தள்ளி நின்று பார்த்துக்கொண்டார்.

ஒரு ஒழுங்கும் வைத்தார். வந்தவர் பாடவேண்டும். கௌளியார் கேட்டுவிட்டு, கட்டம் கிடைத்ததும் 'ச' என்று ஒரே ஒரு தடவை சொல்வார். ஓர் எழுத்தைச் சொன்னால் அது பாட்டில் சேராது, சபதத்துக்கு ஒன்றும் ஆகாது. அதைக் கேட்டதும் வந்தவர் 'ஏற்றுக்கொண்டேன்' என்பதற்காகப் பாறையில் மூன்று தட்டுத் தட்டவேண்டும். தட்டிவிட்டால் முடிந்தது, அப்புறம் பேச்சில்லை.

முதல் நாள் மைனா வந்தது. ச. டொக் டொக் டொக். கருங்குருவி வந்தது. ச. டொக் டொக் டொக். பொழுது சாய்வதற்குள் நாற்பது பேர். கௌளியார் வீட்டுக்கு வந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் நாள் தவளை வந்தது.

கட்டைக்குரலன் என்று பெயர், பெரிய குளத்துக்குத் தலைவன். பாறைமேல் ஈரத்தோடு வந்து உட்கார்ந்து பாடிற்று. கௌளியார் கொடியில் விரலை வைத்துத் தேடினார். தவளையின் இரண்டாவது சுரம் அவருடைய ஓர் அடையாளத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கிடந்தது. மூன்றாவதும் அப்படியே. ஒன்றுகூட அடையாளத்தின் மேல் விழவில்லை.

"சுருதி விலகுது" என்றார்.

"எங்க விலகுது? எங்க குளத்துக்கு ஏழு படி. ஏழும் ஒரே உசரம். அதுல ஏறித்தான் நாங்க பாட்டே கத்துக்கிட்டோம். உங்க பாறையில படி ஒண்ணு பெரிசும் ஒண்ணு சின்னதுமா கோணலாக் கிடந்தா அதுக்கு நான் என்ன பண்ணுவேன், ஐயா?"

யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். கௌளியார் பக்கத்துப் பாறையில் தவளைக்கென்று தனியாக ஏழு சமப் படி வரைந்தார். வரைந்து கணக்குப் பார்த்தால் ஒரு சங்கடம். எல்லாப் படியும் ஒரே உயரம் என்றால் எந்தப் படியில் நின்று ஆரம்பித்தாலும் அதே ஏணிதான் வருகிறது.

"உங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே கட்டம்" என்றார்.

தவளைக்குத் தொண்டை வீங்கிற்று. "ஒரே கட்டமா? எங்க குளத்துல ஏழு வகையறா. ஒவ்வொரு வகையறாவும் ஒவ்வொரு படியில ஆரம்பிக்கும். என் வீட்டுப் பாட்டும் என் மாமியார் வீட்டுப் பாட்டும் ஒண்ணுங்கிறீங்களா?"

"கேட்டா ஒண்ணாத்தான்யா இருக்கு!"

"இதை எங்க குளத்துல வந்து சொல்லிட்டு உசுரோட திரும்புங்க, பாப்போம்."

தட்டாமலே போய்விட்டது. மறுநாள் திரும்ப வந்தது. அதற்கு மறுநாளும்.

அடுத்து சிள்வண்டுகள். தனித்தனியாக வரமாட்டார்கள், மொத்தமாகத்தான் வருவார்கள், மொத்தமாகத்தான் பேசுவார்கள். அவர்கள் காது பொடிக் காது. கௌளியார் பன்னிரண்டு அடையாளம் வைத்த இடத்தில் அவர்களுக்கு முப்பத்தொன்று இருந்தது.

"முப்பத்தொண்ணுல எத்தனையை எடுப்பீங்க?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"ஏழு, ஐயா."

"ஏதாவது முறை வச்சு?"

"முறையெல்லாம் இல்லீங்க. 'ச' மட்டும் இருக்கணும், மத்த ஆறும் மனசு போல."

கௌளியார் கணக்குப் போட உட்கார்ந்தார். மூன்று நாள் போட்டார். விரல் போதாமல் வெள்ளைச்சியின் விரலையும் வாங்கிக்கொண்டார். வந்த விடை ஐந்து லட்சத்துத் தொண்ணூற்று மூவாயிரத்து எழுநூற்று எழுபத்தைந்து கட்டம். கரடு முழுக்க வரைந்தாலும் இடம் பற்றாது. அடுத்த மலையைக் கடன் கேட்கவேண்டும்.

இதைச் சொன்னபோது சிள்வண்டுகள் தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்தன. பிறகு ஒரே குரலில், "சில நாள் ஒன்பதும் எடுப்போம்ங்க" என்றன.

கௌளியார் கொஞ்ச நேரம் பாறையில் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தார்.

அப்புறம் மயிலார் வந்தார். தோகையை மடித்து வைத்துக்கொண்டு, வந்ததே பெரிய உபகாரம் என்பதுபோல நின்றார். பாடினார். கௌளியார் கொடியின் பாதிவரை வந்து, மேல் 'ச'வுக்காகக் காத்திருந்தார். மயிலார் அதைத் தொடவே இல்லை. அதைத் தாண்டி ஏறி, ஏறி, கொடியின் மூன்றில் ஒரு பங்கில் போய்த்தான் மூச்சுவிட்டார்.

"நடுவுல ஒரு 'ச' வருமே, அங்க நின்னிருக்கணும்" என்றார் கௌளியார்.

"எதுக்கு நிக்கணும்?"

"எல்லாரும் அங்கதான் நிப்பாங்க."

"எல்லாருக்கும் வீடு அங்க இருக்கு, நிக்கிறாங்க. என் வீடு அதைத் தாண்டி இருக்கு. வழியில இருக்கிறவன் வீட்டுத் திண்ணையில எல்லாம் உக்காந்துட்டு வர நான் என்ன, நாடோடியா?"

அந்த ஆளுக்கு இன்னொரு கொடி, இன்னொரு பாறை.

இப்படியே நாள் ஓடிற்று. கட்டம் அழிப்பார், கட்டம் போடுவார். வால் நுனி தேய்ந்தே போயிற்று. வெள்ளைச்சி தினமும் முட்டைமேல் காதை வைத்துக் கேட்பாள். "உள்ள புரளுது" என்பாள். "இதோ முடிஞ்சிருச்சு" என்பார். இந்த ஒரு வார்த்தையை அவர் எத்தனை தடவை சொன்னார் என்பதற்குத்தான் கட்டம் போடவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் காலையில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. உதித்ததும் பாறையிலிருந்து தலைகீழாக இறங்கி ஓடிவந்தார்.

"புள்ள, கண்டுபிடிச்சிட்டேன்! உசரத்தை அளக்கவே வேண்டாம். ஏணியில எந்த அடி பெரிசு, எந்த அடி சின்னது, அந்த வரிசையை மட்டும் பாத்தா போதும். மைனாவுக்கு என்ன? பெரிசு, பெரிசு, சின்னது, பெரிசு, பெரிசு, பெரிசு, சின்னது. பெரிய அடிக்கு ரெண்டு நூல், சின்னதுக்கு ஒரு நூல். கூட்டினா பன்னிரண்டு. இப்ப சிள்வண்டு வழக்கமாப் பாடுற ஏணியைப் பாரு. அதே வரிசை! பெரிசுக்கு அஞ்சு நூல், சின்னதுக்கு மூணு நூல். கூட்டிப் பாரு."

வெள்ளைச்சி கூட்டிப் பார்த்தாள். "முப்பத்தொண்ணு."

"ஆச்சா? ரெண்டும் ஒரே கட்டம்! அஞ்சு லட்சம் கட்டம் அஞ்சாறு கட்டத்துல அடங்கிருச்சு!"

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. உள்ளதைச் சொல்லவேண்டும், அது நல்ல யோசனை. அதைவிட நல்ல யோசனை இன்றுவரைக்கும் யாருக்கும் வந்ததில்லை.

பழைய கட்டத்தையெல்லாம் அழித்தார். கரட்டையே கூட்டினார். புது முறையைச் சொன்னார்.

மைனாதான் ஆரம்பித்தது. "நானும் சிள்வண்டும் ஒரே கட்டமா?"

"ஆமா."

"சேந்து பாடணுமா?"

"ஆமா."

இருவரும் சேர்ந்து பாடினார்கள். வரிசை ஒன்றுதான், அடி வேறு. இரண்டும் உரசின உரசலில் கூட்டத்தில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"காதுக்கு ஒண்ணா இருக்காய்யா இது?" என்று மைனா கேட்டது.

"காதை விடு. முறைப்படி ஒண்ணு."

"பாட்டுல காதை விடணுமாம்! கேட்டீங்களாய்யா சேதியை?"

அந்தச் சிரிப்பு அடங்குமுன் கட்டைக்குரலன் தொண்டையைக் கனைத்தது. "ஐயா, எங்களுக்குப் பெரிசும் இல்ல, சின்னதும் இல்ல. எல்லா அடியும் ஒண்ணு. நாங்க எந்தக் கட்டம்?"

கௌளியார் வாலால் ஒரு காலியிடத்தைச் சுட்டினார்.

"பெரிசும் சின்னதும் இல்லாத கட்டம்" என்றார்.

"அப்ப ஒண்ணுமில்லாத கட்டம்ங்கிறீங்க. ஏழு வகையறாவுக்கும் சேர்த்து, ஒண்ணுமில்லாத ஒரே கட்டம்!"

மயிலார் தோகையை விரித்துக்கொண்டு முதுகைக் காட்டிவிட்டார்.

நாற்பத்தொன்பதாம் நாள். வெள்ளைச்சி அவரைத் தேடிப் பாறைக்கே வந்தாள். இந்தத் தடவை அவள் குரலில் குத்தல் இல்லை.

"ஏங்க, நாளைக்குப் பொரிஞ்சிரும். எல்லாத்தையும் அழிச்சுப் போட்டுட்டு வாங்க. சபதம் போனாப் போகுது."

"ஊரு சிரிக்கும், வெள்ளைச்சி."

"ரெண்டு நாள் சிரிக்கும். மூணாவது நாள் வேற யாரையாவது பாத்துச் சிரிக்கும். நம்ம புள்ளைங்களுக்கு நாளைக்கு ஒரு நாள்தாங்க."

அவள் பேச்சில் நியாயம் இருந்தது. அது தெரிந்ததனால்தான் அவருக்கு இன்னும் எரிச்சல். "விடியறதுக்குள்ள முடிக்கிறேன்" என்றார். "ஆளுக்கு ஒரு கட்டம். யார் கூடயும் யாரையும் சேக்கலை. போதுமா? அவங்கவங்க 'ச' எதுன்னு எழுதிக்க வேண்டியது, தட்ட வேண்டியது, போக வேண்டியது."

இதற்குப் பெயர் வகை பிரிப்பதா என்று நீங்கள் கேட்கலாம். அவரும் தன்னையே கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டே கட்டம் போட்டார்.

மறுநாள் காலை வரிசை வேகமாக நகர்ந்தது. மைனா, ச, டொக் டொக் டொக். சிள்வண்டு, ச, டொக் டொக் டொக். மயிலார்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டே தட்டிவிட்டுப் போனார். கட்டைக்குரலன் மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு கட்டம் கொடுத்தாயிற்று, பாக்கி ஆறு எங்கே என்று கேட்கக் காத்திருந்தது. அதற்கு முன்னால் ஒரே ஒருத்தி பாக்கி, குயில்.

பாறையிடுக்கிலிருந்து வெள்ளைச்சியின் குரல் வந்தது. "ஏங்க! விரிசல் விட்டிருச்சு!"

"ஒரே ஆள்தான் பாக்கி! வந்துட்டேன்! குயிலு, சீக்கிரம். உன் 'ச' எது?"

"கூ" என்றது குயில்.

கௌளியார் கொடியில் அந்த இடத்தைப் பிடித்தார். சரிபார்க்க, "இன்னொரு தடவை" என்றார்.

"கூஉ." அதற்கு ஒரு படி மேலே.

"அது இல்ல. முதல்ல பாடினியே, அது."

"அதைத்தான் பாடுறேன். கூஊ." இன்னும் மேலே.

"ஏறுதே!"

"ஏறுதா? எனக்கு அதே இடமாத்தான் இருக்கு. கூஊஊ."

"ஏங்க! விரிசல் பெருசாகுது!"

"இறங்கி வா, தாயி! நின்ன இடத்துல நின்னு பாடு! தரையே ஏறிக்கிட்டு இருந்தா நான் ஏணியை எங்க சாத்துறது?"

குயில் உச்சிவரை ஏறி, பட்டென்று நிறுத்தியது. "இப்ப எங்க விட்டேன்? சரி, முதல்லேர்ந்து பாடுறேன்."

அந்த நேரம் பார்த்துக் கட்டைக்குரலன் ஈரக் காலோடு நடுவில் வந்து உட்கார்ந்தது. "கௌளியாரே, குயிலம்மா மூச்சு வாங்குறதுக்குள்ள, எங்க கட்டத்துல ஒரு சின்னத் திருத்தம்."

ஐம்பது நாள் அடக்கி வைத்தது அவருக்குள்ளிருந்து வெளியே வந்தது. சொல்லாக வரவில்லை. திட்டாகக்கூட வரவில்லை. நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி, இழுத்துவிட்டார்.

"ச்ச்! ச்ச்! ச்ச்!"

அந்தச் சத்தம் கரடு முழுக்கக் கேட்டது.

குயில் சிறகை அடித்துக்கொண்டது. "'ச' சொல்லிட்டாரு! எனக்கு 'ச' சொல்லிட்டாரு!" டொக் டொக் டொக்.

"உனக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு" என்றது கட்டைக்குரலன். "எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்." டொக் டொக் டொக்.

"நான் சொன்னது 'ச' இல்லய்யா..." என்று கௌளியார் ஆரம்பித்தார். யார் காதில் விழுந்தது? இருவரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டிவிட்டால் முடிந்தது, அப்புறம் பேச்சில்லை. அவர் வைத்த ஒழுங்கு.

ஆக, கடைசி ஆள் கட்டத்தில் அடைந்தாயிற்று. சபதம் தீர்ந்தது. கௌளியார் ஓடினார். பாறையைச் சுற்றி, குத்துச்செடியைத் தாண்டி, இடுக்குக்குள் தலையை நுழைத்தார்.

இரண்டு குஞ்சும் வெளியே வந்து உட்கார்ந்திருந்தன. ஒன்றின் தலையில் ஓட்டுத் துண்டு தொப்பிபோல ஒட்டியிருந்தது. நாலு உருண்டைக் கண்ணும் அவரையே பார்த்தன. அவர் மூச்சை இழுத்துக்கொண்டு பாட்டை எடுத்தார். ஐம்பது நாள் பூட்டி வைத்திருந்த குரல். ஓடை நின்றுவிட்டது. முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை, ஒரு சுரம் பிசகாமல், தன் அப்பா தனக்குப் பாடினபடியே பாடி முடித்தார்.

குஞ்சுகள் பொறுமையாகக் கேட்டன. கேட்டு முடித்துவிட்டு, இரண்டும் ஒன்றாக வாயைத் திறந்தன.

"ச்ச். ச்ச். ச்ச்."

கௌளியார் வெள்ளைச்சியைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க" என்றாள் அவள். "பாறையே அதிர்ற மாதிரி நீங்க சொன்னீங்க. அந்த நேரத்துலதான் ஓடு உடைஞ்சது. உங்க புள்ளைங்க, உங்களை மாதிரியே சொல்லுது."

அவர் விடவில்லை. மறுநாளும் பாடினார், அதற்கு மறுநாளும் பாடினார். குரல் இருந்தவரைக்கும் பாடினார். ஒவ்வொரு தடவையும் அவை பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த ஒரே பதிலைத்தான் சொல்லின. அந்தக் குஞ்சுகள் பெரிதாகி, தங்கள் முட்டைக்கு முன்னால் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொடுத்தன. பாட்டு கௌளியாரோடு போயிற்று. அது எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், ஓடைக்குக்கூட இப்போது ஞாபகமில்லை.

மனிதர்கள் வந்து வீடு கட்டினார்கள். பாறையில் இருந்தவர்கள் சுவருக்குக் குடிவந்தார்கள். கீழே நாம் ஏதாவது பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த மாப்பிள்ளை நல்லவன் என்கிறோம், இந்த வருஷம் மழை உண்டு என்கிறோம். மேலே இருப்பவருக்குப் பொறுக்கவில்லை, சலித்துப்போய்ச் சொல்லிவிடுகிறார். நாமோ, தவளை செய்த அதே தவறைச் செய்கிறோம்.

அன்று முதல்தான் பல்லிக்குப் பாட்டு போய் "ச்ச் ச்ச்" மட்டும் மிஞ்சியது. அன்று முதல்தான் அதைக் கேட்டவர்கள் "பல்லி சொல்லிருச்சு, நடக்கும்" என்று விரலை மடக்கி மூன்று தட்டுத் தட்டுகிறார்கள்.

இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் என் பெயரை எடுக்காதீர்கள். இந்த ஊரில் பாதிக் கல்யாணம் பல்லி சொல்லித்தான் நிச்சயமாயிற்று. என் கல்யாணமும் அதில் ஒன்று, உள்ளே சமையலறையில் அவள் இருக்கிறாள்.